“என்ன வேலை செய்கிறீர்கள்?” – நடுகல் தேடித் தனியே போன அனுபவம்

இறந்த வீரனின் நினைவாக நட்ட கல்லாகிய நடுகல்லைப் பார்ப்பதற்காக ஊர் ஊராகச் சுற்றுபவர்கள் பேராசிரியர்களாகவோ தொல்லியல் துறை அலுவலர்களாகவோ இருப்பார்கள் என்றுதான் பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் என்னோடு இந்தக் கிறுக்குப் பிடித்து அலைபவர்களில் அப்படி ஒருவர்கூட இல்லை. அரசுப் பேருந்து நடத்துநர், கால்நடை பராமரிப்பு உதவியாளர், காவேரிப்பட்டணத்துத் தையற்காரர், கல்யாணப் புகைப்படக்காரர், நகை ஆசாரி, மாங்கூழ் ஆலையில் ஷிப்டு பார்ப்பவர், பத்திர எழுத்தர், அரசு மருத்துவமனைச் செவிலியர் எனத் தொழிலால் ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாதவர்கள்தாம் எங்கள் கூட்டம். நான் தருமபுரியில் வீட்டு வரைபடமும் மதிப்பீடும் போட்டுக்கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்துகிறேன். சென்ற மாம்பழப் பருவத்தில் இவர்களில் ஒருவரும் உடன் இல்லாமல் நான் மட்டும் ஒரு கல்லைப் பார்க்கப் போய்ப் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்ட பிறகு, இந்தப் பக்கத்து இளைஞர்கள் பலர் விடுமுறை கிடைத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு பாறை, கல், குகை என்று புறப்பட்டுவிடுகிறார்கள். எனக்கு ஒருவரும் சொல்லாததை அவர்களுக்காவது யாராவது சொல்லிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில், தொழில் வேறுபாடு எங்களுக்கு எவ்வளவு உதவியது என்பதைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் தனியே போனதன் இழப்பு புரியாது. இந்த மண்ணில் பழைய தமிழ் எழுத்து வடிவமான வட்டெழுத்தில் பொறித்த பல்லவர் காலத்துக் கற்களிலிருந்து கங்கர், நுளம்பர், சோழர், விசயநகரத்தார், நாயக்கர் காலம் வரை நடுகற்கள் கிடைக்கின்றன. பல ஊர்களில் அவை வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் பொங்கல் வாங்கிக்கொண்டு நிற்கின்றன. எங்கள் கண்ணில் படுபவற்றில் எழுத்தில்லாதவையே அதிகம் என்பதால், சிற்பத்தை வைத்துத்தான் எதையும் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் ஒவ்வொருவரின் பிழைப்பும் கைகொடுக்கிறது. பாலக்கோடு பக்கத்தில் ஒரு கல்லை ஊரார் தலைமுறை தலைமுறையாகப் புலிக்கல் என்று சொல்லிவந்தார்கள். நாங்களும் அப்படியே குறித்துக்கொண்டோம். கால்நடை உதவியாளர் மட்டும் குந்திக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, பிடரி மயிர் நின்றிருக்கும் விதத்தையும் முகவாயின் நீளத்தையும் வாலின் குட்டையையும் காட்டி, அது காட்டுப்பன்றி என்றார். அவர் சொன்ன பிறகு எங்களில் யாருக்கும் அது புலியாகத் தெரியவில்லை. தையற்காரர் வீரனின் இடையில் கட்டியிருக்கும் துணியின் மடிப்பைப் பார்ப்பார், நகை ஆசாரி காதணியையும் குறுவாளின் பிடியையும் பார்ப்பார். செவிலியர் கல்லைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஊர்ப் பெண்களோடு பேசிவிடுவார். துவைக்கும் கல்லாகக் கவிழ்ந்து கிடந்த ஒரு நடுகல் எங்களுக்குத் தெரியவந்தது அப்படித்தான்.

புகைப்படக்காரரிடம் நான் கற்றுக்கொண்டதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இதில்தான். எழுத்து தெரியவில்லை என்றவுடன் சுண்ணாம்பையோ மாவையோ சாக்பீசையோ தேய்க்கிறார்கள். சிலர் எண்ணெய் பூசுகிறார்கள். இவற்றில் எதுவுமே வேண்டாம். அழுக்கிருந்தால் வெறும் தண்ணீரும் மென்மையான தேங்காய்நார்த் தூரிகையும் போதும், கம்பித் தூரிகை கூடவே கூடாது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்போ மாலையில் இறங்கும்போதோ, ஒளி கல்லின் மேல் பக்கவாட்டில் சாய்ந்து விழும் நேரத்தில் படம் எடுத்தால், நடுப்பகலில் தட்டையாகத் தெரிந்த கல்லில் வில்லும் அம்பும் எழுந்து வரும். வெயில் கிடைக்காத இடத்தில் இருட்டிய பிறகு ஒரு டார்ச்சைக் கல்லின் விளிம்போடு ஒட்டிப் பிடித்து, நான்கு பக்கமும் மாற்றி மாற்றி எடுக்கலாம். ஆயிரக்கணக்கான மணமேடைகளில் முகத்துக்கு எங்கிருந்து வெளிச்சம் விழ வேண்டும் என்று பார்த்துப் பழகியவர் சொன்ன வழி இது. என் வரைபடப் படிப்பில் இதற்கு இடமே இல்லை.

ஆனால் இதே வேறுபாடு எங்களுக்குப் பெரிய தொல்லையாகவும் இருந்தது. பலதரப்பட்ட தொழில் என்றால் பலதரப்பட்ட விடுமுறை. நடத்துநருக்கு ஓய்வு நாள் பணிமனை போடும் பட்டியலைப் பொறுத்தது. தையற்காரருக்கும் புகைப்படக்காரருக்கும் முகூர்த்த மாதத்தில் ஞாயிறு என்பதே கிடையாது. மாம்பழக் காலம் வந்துவிட்டால் கூழ் ஆலை நண்பர் பெங்களூரா ரக மாம்பழ லாரிகள் வருவது நிற்கும் வரை வெளியே தலைகாட்ட மாட்டார். பத்திர எழுத்தருக்கு ஞாயிறு ஒன்றுதான், அதையும் ஆடியில் அம்மன் கோயில்கள் எடுத்துக்கொள்ளும். இதற்கு நடுவில், ராயக்கோட்டையைத் தாண்டி ஒரு சிற்றூரில் சாலை அகலப்படுத்தும் வேலைக்காக வரப்பிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்து ஓரமாகப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குச் செய்தி வந்தது. ஜல்லியோடு ஜல்லியாகப் போய்விடும் என்ற பதற்றத்தில், எல்லாருக்கும் பொதுவான நாள் வரும் வரை காத்திருக்க மனமில்லாமல், ஒரு வாரநாளில் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன்.

கல் சொன்ன இடத்தில்தான் கிடந்தது. நான் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து உயரம், அகலம், தடிமன் அளந்து, கைப்பேசியில் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு, சுற்றிவந்து படம் எடுக்கத் தொடங்கினேன். வெளியாள் ஒருவன் வயலோரத்தில் நாடா பிடித்து அளப்பது இந்தப் பகுதி மக்களுக்கு என்னவாகத் தெரியும் என்பதை இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எரிவாயுக் குழாய்க்காக, உயர்மின் கோபுரத்துக்காக, தொழிற்பேட்டைக்காக, கிரானைட்டுக்காக என்று ஒவ்வொரு முறையும் முதலில் வந்தவன் நாடாவும் கையுமாகத்தான் வந்திருக்கிறான். சிறிது நேரத்தில் இரண்டு பேர் வந்தார்கள், பிறகு ஒரு டிராக்டர் நின்றது, பிறகு கூட்டம். அவர்கள் தமக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது, புரியாத பாதிதான் அதிகம் பயமுறுத்தியது. ஒரு பெரியவர் தமிழில் கேட்ட முதல் கேள்வி, “யாருப்பா நீ, என்ன வேலை செய்யற?” என்பது. வீட்டு பிளான் போடுகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அந்த விடையைக் கேட்டதும் அவர்களுடைய முகம் மாறியதை இப்போதும் மறக்க முடியவில்லை. வரைபடம் போடுபவன், அளவுநாடா, இருப்பிடம் காட்டும் கைப்பேசி: அவர்கள் சந்தேகித்தது எதுவோ அதை நானே உறுதிசெய்துவிட்டேன் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நடுகல் பார்க்க வந்தேன், இது பொழுதுபோக்கு என்றேன். வேலைநாளில் சம்பளம் இல்லாமல் ஒருவன் கல்லைப் பார்க்க வருவான் என்பதை யாரும் நம்பத் தயாராக இல்லை. அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் “புதையல் கும்பல்” என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை.

வண்டிச் சாவியைப் பிடுங்கினார்கள், கைப்பேசியைப் பிடுங்கினார்கள். பிடுங்கும்போது அது கல்லின் மேலேயே விழுந்து திரை நொறுங்கியது. யாரும் அடிக்கவில்லை, சட்டையைப் பிடித்ததோடு சரி. ஆனால் அந்த நேரத்தில் என் மனத்தில் ஓடியது வேறு. 2018 மே மாதத்தில் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரைக் குழந்தை கடத்துபவர் என்று எண்ணிக் கூட்டம் அடித்தே கொன்ற செய்தி நினைவுக்கு வந்தது. ஒரு ஊரே வதந்தியை நம்பிவிட்டால் நியாயம் பேச நேரமிருக்காது. நான் கைகளைக் கட்டிக்கொண்டு, “ஐயா, போலீசைக் கூப்பிடுங்க, அவங்ககிட்டயே பேசிக்கலாம்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அதை இப்போது நினைத்தாலும் சரியாகச் செய்ததாகவே படுகிறது. ஓட முயன்றாலும் குரலை உயர்த்தினாலும் நிலைமை வேறாகியிருக்கும். காத்திருந்தபோது, இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையன் அருகே வந்து, யாருக்கும் கேட்காத குரலில், “அண்ணா, உண்மையிலேயே கல்லுக்கு அடியில என்ன இருக்கும்?” என்று கேட்டான். என்னைக் குற்றவாளி என்று பிடித்துவைத்திருந்த கூட்டத்திலேயே எனக்குப் போட்டியாளரும் ஒருவர் இருந்திருக்கிறார்.

காவல் நிலையத்தில் இரவு வரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அதிகாரி வரவில்லை, வந்தவர் விசாரிக்கவில்லை, விசாரித்தவர் நம்பவில்லை. வழக்கு எதுவும் பதியாமல் விட்டுவிட்டார்கள், ஆனால் கைப்பேசியை மட்டும் “பார்த்துட்டுத் தருவோம்” என்று வைத்துக்கொண்டார்கள். அதற்கு எந்தச் சீட்டும் தரவில்லை. இந்த இடத்தில் பத்திர எழுத்தர் பின்னால் எனக்குச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி, குற்றத்தோடு தொடர்புடையது என்று சந்தேகிக்கும் பொருளைக் காவல்துறை கைப்பற்றலாம்; ஆனால் கைப்பற்றியதை நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். எனவே பொருளை வாங்கிக்கொண்டால், எந்தப் பொருள், எந்த நேரம், யார் வாங்கியது என்று எழுத்தில் பணிவாகக் கேளுங்கள். தராவிட்டால், வெளியே வந்த அன்றே நீங்களே ஒரு மனுவாக எழுதிப் பதிவஞ்சலில் அனுப்பிவிடுங்கள். எதிலாவது கையெழுத்திடச் சொன்னால் முழுவதும் படித்த பிறகே இடுங்கள். என்னிடம் நீட்டிய தாளில் நான் “தோண்டிக்கொண்டிருந்தேன்” என்று இருந்தது. தோண்டவில்லை, அளந்தேன் என்று திருத்தச் சொன்னேன், முணுமுணுத்துக்கொண்டே திருத்தினார்கள். அந்த ஒரு சொல்லின் கனம் அவர்களுக்கும் தெரியும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிற்பங்களை விற்பதையும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதையும் கட்டுப்படுத்துகிறது. நாம் கையில் மண்வெட்டியோ கடப்பாரையோ கொத்துக்கரண்டியோ வைத்திருந்தால், நோக்கம் எவ்வளவு நல்லதானாலும் இவற்றுக்கு நடுவில்தான் போய் நிற்போம்.

இழப்பைக் கணக்கிட்டுச் சொல்கிறேன். தொழிலுக்குக் கைப்பேசி இல்லாமல் முடியாது என்பதால் பழையது ஒன்றை 7,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஒப்புக்கொண்டிருந்த வீட்டு வரைபடத்தின் அளவுகள் எல்லாம் அந்தக் கைப்பேசியில் இருந்தன. குறித்த நாளில் கொடுக்க முடியாமல் போக, வீட்டுக்காரர் முன்பணம் 15,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டார், கொடுத்தேன். கைப்பேசியை மீட்க வக்கீலுக்கு 5,000, மீட்டபின் திரை மாற்ற 3,200. ஆகமொத்தம் 30,700 ரூபாய். பணம் போனதைவிட, கூட்டத்தில் யாரோ எடுத்த காணொளி வாட்ஸ்அப்பில் “சிலை கடத்தல் கும்பல் சிக்கியது” என்று சுற்றியது அதிகம் வலித்தது. என் மகளின் பள்ளித் தோழிகள் வரை அதைப் பார்த்துவிட்டார்கள். மனைவி திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. அன்று உடன் வர முடியாத நண்பர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. நியாயமே இல்லாத கோபம்தான், ஆனாலும் பல வாரங்கள் அவர்களுடைய அழைப்பை நான் எடுக்கவில்லை.

என்னை அந்த ஊரில் நிரபராதியாக்கியது வக்கீல் அல்லர். எங்கள் நடத்துநர் அண்ணன், அந்த வழித்தடத்தில் ஓடும் சக நடத்துநர் மூலம் ஊர்ப் பெரியவரைப் பிடித்துப் பேசினார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சண்டை போடவும் சமாதானம் பேசவும் தெரிந்தவர் அவர். கால்நடை உதவியாளர் கோமாரித் தடுப்பூசி போடுவதற்காக அந்த ஊருக்கு ஏற்கெனவே போய்வந்தவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் போய் நின்றதும், “மாட்டு டாக்டர் ஆளா, மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று கேட்டார்களாம். என்னிடம் அவர்கள் கேட்ட அதே கேள்வியை அவரிடமும் எப்போதோ கேட்டிருப்பார்கள். அவர் சொன்ன பதில் அவர்களுடைய மாட்டைப் பிழைக்கவைத்த பதில். இதிலிருந்து நான் கண்டுகொண்ட வழி இதுதான்: ஒரு ஊருக்குப் போக வேண்டுமென்றால், அந்த ஊருக்கு வேறு வேலையாக ஏற்கெனவே போய்வருபவர் நம் கூட்டத்தில் யார் என்று முதலில் பாருங்கள். தபால்காரர், பால் வண்டிக்காரர், கிராமச் செவிலியர், மின்வாரியக் கணக்கெடுப்பாளர், யாராக இருந்தாலும் சரி. வரலாறு தெரிந்தவரைவிட ஊரில் முகம் தெரிந்தவர்தாம் முன்னால் நடக்க வேண்டும். அப்படி ஒருவரும் இல்லையென்றால், நேரே கல்லிடம் போகாதீர்கள். டீக்கடையில் உட்காருங்கள், பூசாரி யார் என்று கேளுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கல் இருக்கும் நிலத்தின் உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். அவர்களில் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போய், நாடாவின் மறுமுனையை அவர் கையிலேயே கொடுங்கள். செருப்பைக் கழற்றாமல் வேடியப்பன் அருகே போகாதீர்கள். உங்களுக்கு அது தொல்பொருள், அவர்களுக்குச் சாமி.

இன்னொன்று, கல்லுக்கு அடியில் எதுவும் இல்லை என்பதை ஊராரிடம், முக்கியமாக இளைஞர்களிடம், விளக்கமாகச் சொல்லிவிட்டு வர வேண்டும். பக்கத்து ஊர் மாடுகளைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டோ, விலங்கோடு போரிட்டோ இறந்தவனின் நினைவாக நட்ட கல் இது, பொன்னைப் புதைத்த அடையாளம் அன்று என்று சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்கிறார்கள். அதைச் சொல்லாமல் இருப்பிடத்தையும் படத்தையும் முகநூலில் போட்டுவிட்டால், அடுத்த அமாவாசைக்குள் யாராவது குழி தோண்டிவிடுவார்கள். பழங்காலக் கல்லறைகளான கற்திட்டைகள் இப்படிப் பல இடங்களில் பிரித்துப் போடப்பட்டிருக்கின்றன. நாங்கள் இப்போது ஊர்ப்பெயரைக்கூட வெளியே சொல்வதில்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் காப்புக்காட்டுக்குள் இருக்கும் கற்களென்றால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. ராகி விளையும் பருவத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து இறங்கும் யானைகளுக்கு நம் தொழிலும் தெரியாது, பொழுதுபோக்கும் தெரியாது.

மாம்பழ லாரிகள் ஓய்ந்த பிறகு, கூழ் ஆலை நண்பருக்கும் விடுப்புக் கிடைத்த ஒரு நாளில், நாங்கள் சேர்ந்து அந்த ஊருக்குப் போனோம். எனக்குப் போகவே விருப்பமில்லை; கால்நடை உதவியாளர்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். சட்டையைப் பிடித்தவர் வீட்டிலேயே சாப்பாடு. கல்லை ஊராரே கிரேன் வைத்து வேப்பமரத்தடிக்கு நகர்த்தி நிறுத்தியிருந்தார்கள். நான் பிடிபட்ட பரபரப்பால்தான் சாலைக்காரர்கள் அதைத் தொடவில்லை என்றார் பூசாரி. அதில் மகிழ்வதா என்று எனக்குத் தெரியவில்லை. மாலையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது எழுத்து எதுவும் தென்படவில்லை. வில்லேந்திய வீரன், மார்பில் தைத்த அம்பு, பின்னால் திமிலோடு இரண்டு மாடுகள், காலருகே ஏதோ ஒரு பாத்திரம். அந்தப் பாத்திரம் நடுகற்களில் வழக்கமாகக் காட்டப்படும் கெண்டி, அதாவது ஊற்றுவதற்கு மூக்குள்ள கலம், என்கிறார் தையற்காரர். மூக்கு இல்லாத கெண்டியை எந்தச் சிற்பியும் செதுக்க மாட்டான், அது சிமிழ்தான் என்கிறார் ஆசாரி. செவிலியருக்கு அதில் அக்கறையே இல்லை. அம்பு தைத்த இடத்தைப் பார்த்துவிட்டு, “ரொம்ப நேரம் கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு” என்றார்.

திரும்பிய மறுநாளே, படங்களோடும் அளவுகளோடும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கு ஒரு கடிதம் எழுதி, அதன் நகலைக் கிராம நிர்வாக அலுவலருக்கும் கொடுத்து, இரண்டுக்கும் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்கிவைத்தோம். படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டுப் பூசாரியிடம் கொடுத்தோம். 450 ரூபாய் ஆயிற்று. இந்தச் செலவைத் தவிர்க்காதீர்கள். இரண்டாம் முறை அதே ஊருக்கு வேறொரு கல்லுக்காகப் போக வேண்டியிருக்கும்போது, நீங்கள் யார் என்று கேட்பவருக்கு அந்தப் படத்தைக் காட்டலாம். ஒப்பம் பெற்ற நகல்களை நான் இப்போது வண்டியின் டூல் பாக்சில், உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அளவுநாடா தையற்காரரிடம் இருக்கிறது. அவர் கழுத்தில் தொங்கும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை.